17 மணி நேரம் ஒரே படம்: விமானத் திரை வரைபடம் பற்றி ஒரு விமர்சனம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓட்டல் பிரியாணிக்கும் புதிதாக வந்த போனுக்கும் எழுதுகிறோம். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அதிக நேரம் நான் பார்த்த படம் ஒன்று உண்டு. அதற்கு யாரும் விமர்சனம் எழுதி நான் படித்ததில்லை. விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் இருக்கிற திரையில், சினிமா, பாட்டு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரைபடம் இருக்குமே, அதுதான். நீலக் கடல், அதன் மேல் ஒரு வெள்ளைப் பொம்மை விமானம், பின்னால் ஒரு கோடு. பக்கத்தில் நாலைந்து எண்கள். அவ்வளவுதான் படம்.

போன ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுமார் 13,600 கிலோமீட்டர், 17 மணி நேரம். இடையில் எங்கும் இறங்காத விமானம்.

எந்த மனநிலையில் பார்த்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமர்சகன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று தெரியாமல் விமர்சனத்தைப் படிக்கக் கூடாது. வியாழக்கிழமை விடிகாலை அக்கா கூப்பிட்டாள். அப்பா போய்விட்டார். ஊரில் அப்போது வியாழன் ராத்திரி ஏழரை. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அன்று இரவு பத்தரைக்குக் கிளம்புகிற சிங்கப்பூர் விமானம், அங்கிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கார். எப்படிக் கணக்குப் போட்டாலும் வீட்டு வாசலை மிதிக்கச் சனிக்கிழமை மதியம் ரெண்டரை ஆகும். ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஆனால் பெரியப்பா வெள்ளிக்கிழமையே எடுத்துவிட வேண்டும் என்றார். சனிப் பொணம் தனியாப் போகாது, துணை தேடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. சனிக்கிழமை எடுத்தால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். "அண்ணன் முறைக்குப் பையன் இருக்கான், கொள்ளி வைக்கட்டும்" என்றாராம். அக்கா என்னிடம், "நீ ஏறு. நாங்க பாத்துக்கறோம்" என்றாள். பாத்துக்கறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

விமானத்தில் வைஃபை இருந்தது, காசு கட்டினால் கிடைக்கும். நான் கட்டவில்லை. பசிபிக் கடலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு "எடுத்தாச்சு" என்ற ஒற்றை வார்த்தையைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே மிச்சம் இருந்தது வரைபடம்.

மறைக்கும் கலை

வரைபடத்துக்கு வருவதற்கு முன்னால் அது மாட்டப்பட்டிருக்கும் அறையைப் பார்க்க வேண்டும்.

நீண்ட விமானப் பயணத்தில் பயணிக்காகச் செய்யப்படுகிற வேலையில் பெரும்பகுதி, பயணத்தின் நீளத்தை அவனுக்குத் தெரியாமல் மறைப்பதுதான். ஏறினவுடன் சாப்பாடு. பிறகு விளக்கை அணைப்பார்கள், ஜன்னலை மூடச் சொல்வார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ராத்திரி. அப்புறம் விளக்கை நீலமாக, ஆரஞ்சாக, மெதுவாக ஏற்றி ஒரு பொய்யான விடியலைக் கொண்டுவருவார்கள். மறுபடி சாப்பாடு. காற்றழுத்தத்தையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையக் கூடாது என்பது விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் அதை 6,000 அடி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது, உடம்பைப் பொறுத்தவரை நீங்கள் 17 மணி நேரம் குன்னூரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஈரப்பதம் மட்டும் குன்னூர் இல்லை. காற்று பாலைவனம் மாதிரி காய்ந்து கிடக்கும்.

இந்த மறைக்கும் கலை இப்போது ஆராய்ச்சியாகவே வளர்ந்திருக்கிறது. 2019 அக்டோபரில் குவாண்டாஸ் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரோடு ஒரு ஆய்வுப் பயணம் நடத்தியது. 19 மணி 16 நிமிடம். ஏறின உடனே கடிகாரத்தைச் சிட்னி நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, ராத்திரி கிளம்பின விமானத்தில் முதல் ஆறு மணி நேரம் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார்கள். தூங்காமல் இருக்கக் காரமான சாப்பாடு கொடுத்தார்கள். பிறகுதான் தூக்கம் வர வைக்கும் சாப்பாடும் இருட்டும். இதைக் கிண்டல் செய்ய எனக்கு எண்ணமில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2007-ல் சொன்னது. உடம்பைக் கவனிக்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் நேரத்தை ஒரு நோயாகத்தான் பார்க்கிறது. அதைத் தணிக்க வேண்டும், முடிந்தால் உணராமல் இருக்கச் செய்ய வேண்டும். யார் எவ்வளவு உணர வேண்டும் என்பது டிக்கெட் விலையைப் பொறுத்தது. நான் இதை எழுதும்போது அட்டவணையில் இருக்கும் மிக நீண்ட பயணம் சிங்கப்பூர்–நியூயார்க், சுமார் 15,300 கிலோமீட்டர். அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவை 1,65,000 லிட்டராகக் கூட்டிச் செய்த ஏ350 விமானத்தில் இருப்பது மொத்தம் 161 இருக்கைகள். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. நம்மைப் போன்றவர்கள் உட்காரும் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. எடை ஏற ஏற அவ்வளவு தூரம் பறக்க முடியாது என்பது பொறியியல் காரணம். மிக நீண்ட தூரம் என்பது விலை கூடின சரக்கு என்பது அதன் விளைவு.

யூடியூபில் வருகிற பயண விமர்சனங்களும் இதே பாதையில்தான் போகின்றன. படுக்கை எத்தனை அங்குலம், சாப்பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை, கழிப்பறையில் என்ன லோஷன். இருக்கையை மதிப்பிடுகிறார்கள், நேரத்தை மதிப்பிடுவதில்லை. எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள் என்பதுகூடப் பல வீடியோக்களில் தெரியாது. போய் இறங்கி அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார்கள்.

கப்பல் காலத்தில் இப்படி இல்லை. ஏ.கே. செட்டியாருக்குக் காந்தி பற்றி ஆவணப்படம் எடுக்கலாம் என்ற யோசனை வந்தது 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில். புறப்பட்ட ஊருக்கும் போய்ச்சேரும் ஊருக்கும் நடுவில் யோசிப்பதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த நடுவைத்தான் விமானம் எடுத்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன். நடு அப்படியே இருக்கிறது, 17 மணி நேரம். அதைப் பார்க்க விடாமல் திரை போட்டிருக்கிறார்கள். அந்தத் திரையிலேயே ஒரு ஓரத்தில் வரைபடம் என்ற ஓட்டை இருக்கிறது.

வரைபடம் சொல்வது

இது 1980களின் தொடக்கத்தில் விமானங்களுக்குள் வந்த கருவி. விமானம் தன் வழியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிற அதே தகவல்களை வாங்கிப் படமாகக் காட்டுகிறது. இணையம் தேவையில்லை. ஆகவே பொய் சொல்லவும் அதற்கு வாய்ப்புக் குறைவு. உயரம் 36,000 அடி, வெளியே வெப்பநிலை மைனஸ் 56, வேகம், எதிர்க்காற்று, கடந்த தூரம், மிச்சத் தூரம். அறை முழுக்க ராத்திரியை நடித்துக் காட்டும்போது இது ஒன்றுதான் வெளியே என்ன நடக்கிறது என்று சொல்கிறது.

அதன் நல்ல குணங்களை முதலில் சொல்கிறேன்.

முதலாவது, கோடு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் தென்மேற்கே இருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். கோடு கிளம்பினதும் வடமேற்கே ஏறுகிறது. அலாஸ்காவிலிருந்து வால் மாதிரி நீள்கிற அலூசியன் தீவுகளுக்குத் தெற்கே ஒரு பெரிய வளைவு போட்டு, ஜப்பான் பக்கம் இறங்கி, பிலிப்பைன்ஸ் வழியாக வருகிறது. தட்டையான திரையில் பார்த்தால் ஏதோ வழி தவறிப் போகிற மாதிரி இருக்கும். உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த வளைவுதான் நேர்கோடு. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு உடம்பில் உறைத்தது அந்தத் திரையில்தான்.

இரண்டாவது, நிழல். உலகத்தின் எந்தப் பாதியில் இரவு என்பதை ஒரு கறுப்பு அலை மாதிரி வரைபடத்தில் போட்டிருப்பார்கள். நாங்கள் இரவு பத்தரைக்குக் கிளம்பி மேற்கே பறந்தோம். பூமி சுற்றுகிற வேகத்தோடு ஏறக்குறைய போட்டி போட்டுக்கொண்டு போனதால் நிழல் எங்களைவிட்டு விலகவே இல்லை. ஒரே ராத்திரி, கிட்டத்தட்ட 17 மணி நேரம். அறையில் நடித்த ராத்திரியும் வெளியே இருந்த ராத்திரியும் அந்த ஒரு பயணத்தில் ஒன்றாகிவிட்டன.

மூன்றாவது, தேதிக்கோடு. வரைபடத்தில் அது மெல்லிய புள்ளிக்கோடு. அதைத் தாண்டினபோது எந்த அறிவிப்பும் இல்லை. நான் கைப்பையில் இருந்த காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழன் இரவு பத்தரைக்குக் கிளம்பினோம். மேற்கே போகப் போக அந்தந்த இடத்தின் கடிகாரம் நள்ளிரவை ஒட்டியே நின்றது. கோட்டைத் தாண்டியதும் ஒரு நாள் கூடிவிடுகிறது. கீழே இருந்த கடலின் கணக்குப்படி என்னுடைய வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. பெரியப்பா எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுக்கப்படவே இல்லை. பிறகு ஊர் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். நான் கோட்டைத் தாண்டினபோது ஊரில் வெள்ளி மாலை சுமார் ஐந்தரை. பொழுது சாய்கிற நேரம். எடுப்பதாக இருந்தால் அதற்குள் எடுத்திருப்பார்கள்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது அந்தப் படம்தான். எந்தச் சினிமாவும் என்னை அன்றைக்கு அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்காது.

வரைபடம் சொல்லாதது

இனிக் குறைகள்.

பொம்மை விமானத்தின் அளவு முதல் குறை. உலகம் முழுவதும் தெரிகிற காட்சியில் அந்தப் பொம்மை இலங்கையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஏதோ நாம்தான் உலகத்தில் பெரிய பொருள் என்பது போலவும், கடல் ஒரு குளம் போலவும் ஒரு தோற்றம். உண்மையான அளவில் வரைந்தால் ஒரு புள்ளிகூட இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தூரத்தைச் சொல்லவேண்டிய படம் தூரத்தைச் சுருக்குகிறது.

இரண்டாவது, காரணங்களைச் சொல்வதில்லை. வளைவுகள் எல்லாமே பூமியின் உருண்டையால் வருவதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அதுவரை ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் போன ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆனது. வடதுருவத்தின் மேலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிற பயணங்கள் நீண்டன. திரையில் இதெல்லாம் கோட்டில் ஒரு சின்ன நெளிவு. ஏன் நெளிகிறது என்று ஒரு வார்த்தை இருக்காது. எல்லைகளை வரையும், ஊர்ப் பெயர்களைப் போடும். எந்த எல்லை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காட்டாது. போர் நடக்கிற இடமும் அமைதியான இடமும் அதற்கு ஒரே பச்சை.

மூன்றாவது குறை எனக்குப் பெரியது. "போய்ச்சேர இன்னும்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். 11:42. 11:41. கிளம்பின ஊரின் நேரம் ஒன்று, போய்ச்சேரும் ஊரின் நேரம் ஒன்று என்று இரண்டு கடிகாரமும் இருக்கும். இரண்டுமே என்னுடையவை இல்லை. சான் பிரான்சிஸ்கோவை விட்டு வந்துவிட்டேன். சிங்கப்பூரில் எனக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான் வேலை. நான் போய்ச்சேரவேண்டிய இடம் திருச்சி ஓடுபாதைகூட இல்லை. தஞ்சாவூர் தாண்டி, மன்னார்குடி தாண்டி, ஒரு வாய்க்கால் பாலத்தில் திரும்பினால் வருகிற தெரு. என் எண் 11:42 இல்லை, அதோடு இன்னும் ஒன்பதரை மணி நேரம் சேர்த்து 21 மணி 12 நிமிடம். அதைத் திரை ஒருபோதும் காட்டாது. வரைபடத்தைப் பெரிதாக்கி நம் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். சென்னை இருந்தது, மதுரை இருந்தது. மன்னார்குடி இல்லை.

இது என் சொந்தச் சங்கடம், ஒரு கருவியின் குறையாக இதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சுற்றிப் பார்த்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் புடவை கட்டிய ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், தனியாக வந்திருந்தார். மகள் பிரசவத்துக்குப் போய்த் திரும்புகிறவர் என்று சிங்கப்பூரில் இறங்கும்போது சொன்னார். அவரும் வழி முழுக்க இந்தப் படத்தைத்தான் வைத்திருந்தார். மற்றதை எப்படி மாற்றுவது என்று தெரியாது, இதுவே போதும் என்றார். "அந்தப் பிளேனு நகருதான்னு பாத்துக்கிட்டே வந்தேன் தம்பி. நகரவே மாட்டேங்குது." 17 மணி நேரப் பயணத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அவர் போகவேண்டியதும் திருச்சி, அங்கிருந்து புதுக்கோட்டைப் பக்கம். நம் ஊர் ஜனங்களில் நேர் விமானத்தில் நேராக வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? போய்ச்சேரும் இடம் என்று திரை சொல்வது பெரும்பாலும் மாறுகிற இடம்தான்.

நீளத்தை ஒப்புக்கொண்ட ஒரு பயணம்

ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு, நீண்ட விமானப் பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானத் தொடர்பு அதோடு அறுந்தது. அதை ஒட்டுப்போட 1943-ல் குவாண்டாஸ் ஒரு வழி கண்டது. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரிக்கு, கட்டலைனா என்ற நீர்விமானத்தில், இந்தியப் பெருங்கடலை ஒரே தாவலில் கடப்பது. துப்பாக்கி கிடையாது. எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலியில் பேசக் கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். எரிபொருளின் எடை போக இடம் இருந்தது மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும். பயண நேரம் 27 மணியிலிருந்து 33 மணி வரை. 1945 வரை 271 முறை இப்படிக் கடந்திருக்கிறார்கள்.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால் இதற்கு இரட்டைச் சூரிய உதயம் என்று பெயர். இறங்கின பயணிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரட்டைச் சூரிய உதயத்தின் ரகசிய சங்கத்தில் இவர் உறுப்பினர், இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வானில் இருந்தவர் என்று. விளையாட்டுத்தான். ஆனால் அந்தக் காகிதம் ஒன்றைச் செய்தது. நீ அவ்வளவு நேரம் அங்கே இருந்தாய் என்று ஒப்புக்கொண்டது. (மேலே சொன்ன ஹெல்சின்கி–டோக்கியோ விமானத்திலும் துருவத்தைத் தாண்டினவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.)

அந்தக் காலத்து அவதியைப் புனிதமாக்க நான் வரவில்லை. 30 மணி நேரம் இரைச்சலிலும் குளிரிலும் உட்கார்ந்தவனிடம் குன்னூர் காற்றழுத்தத்தைக் காட்டினால் காலில் விழுந்திருப்பான். நான் சொல்வது இவ்வளவுதான். நீளத்தை மறைப்பது ஒன்று, அதைத் தாங்கும்படி செய்வது வேறு. இரண்டையும் இன்றைய விமானம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. தண்ணீர் கொடுங்கள், கால் நீட்ட இடம் கொடுங்கள், தூங்க இருட்டு கொடுங்கள். அதெல்லாம் தாங்கும்படி செய்வது. "உங்களுக்கு எதுவும் நடக்கவில்லை" என்ற நடிப்பு தேவையில்லை. நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு வரைபடம்

சிங்கப்பூரில் காலை ஏழரைக்கு இறங்கினேன். போனை உயிர்ப்பித்தேன். அக்காவின் செய்தி ஒன்றே ஒன்று. "எடுக்கல. நீ வா."

ரெண்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்கு எடுத்தோம். கோழிக்குஞ்சு கட்டினார்கள். இந்தக் கட்டுரைக்கு அதைவிட அதிகம் தேவையில்லை.

மற்றதை அக்கா பிறகு சொன்னாள். அக்கா பையன் போனில் விமானங்களைப் பின்தொடர்கிற ஒரு செயலியைப் போட்டு வைத்திருந்தான். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் அந்தப் போனைச் சாய்த்து வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நான் உள்ளே பார்த்த அதே படம், வெளியிலிருந்து. ஆனால் ஒரு வித்தியாசம். இந்தச் செயலிகள் விமானம் தானே ஒலிபரப்புகிற இடத்தகவலைத் தரையில் இருக்கிற கருவிகள் மூலம் பிடிக்கின்றன. அந்தக் கருவிகளுக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும். நடுக்கடலில் கருவி ஏது? கொஞ்ச நேரம் உத்தேசமாகக் கணக்குப் போட்டு நகர்த்தும். அப்புறம் விமானம் திரையிலிருந்து மறைந்துவிடும்.

வெள்ளி சாயங்காலம் மறைந்திருக்கிறது. சித்தி அழ ஆரம்பித்துவிட்டாராம். அதே நேரத்தில்தான் எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சும் மறுபடி வந்திருக்கிறது. அப்போது பெரியப்பா சொன்னதாக அக்கா சொன்னது: "பய எங்க இருக்கான்னே தெரியல. கீழ இறங்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்." இரவு பத்து மணி வாக்கில் ஜப்பான் பக்கம் விமானம் மறுபடி தெரிந்திருக்கிறது. அதுவரை அரைமணிக்கு ஒரு தடவை போனை எடுத்து எடுத்துப் பார்த்தது அவர்தானாம்.

நான் பார்த்த வரைபடத்தில் எல்லாத் தகவலும் இருந்தது. யார் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்கள் பார்த்ததில் பாதி வழிக்குத் தகவலே இல்லை. ஆனாலும் அந்த வரைபடத்தைத்தான் நல்ல வாசகர்கள் படித்தார்கள். திரையில் தெரியாத சில மணி நேரத்தில் ஒரு முடிவை மாற்றிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தவர் மாதிரி கேட்டார்: "ஏன்டா, அன்னிக்கு நேரா வராம அப்படிச் சுத்திக்கிட்டு வந்தான் அந்த பிளேன்காரன்? நேரா வந்திருந்தா வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாமே."

காரியத்துக்கு வைத்திருந்த தேங்காய் ஒன்றை எடுத்து, பூ கட்டுகிற நூலை அதன் மேல் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். இது சான் பிரான்சிஸ்கோ, இது சிங்கப்பூர். நூல் தொங்காமல் பிடித்தால் இப்படித்தான் போகும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இதுதான் நேர் வழியா?"

"ஆமா பெரியப்பா."

"சரி" என்றார். "தேங்காயக் குடு. ஐயர் கேக்கிறாரு."